செவிக்கும் வயிற்றுக்கும்

"நாடகம் பார்க்காமல் நாடக மாளிகையை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, சோறு தின்றுவிட்டு வந்தீரா?" சென்ற கோடை விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போய்த் திரும்பியது முதல் துறை நண்பர்கள் என்னை இப்படித்தான் கேலி செய்கிறார்கள். ஆண்டு மலர்க் குழுவினர் பயணக் கட்டுரை ஒன்று கேட்டது நல்லதாயிற்று. கேலிக்கு விடையை இங்கேயே எழுதிவிடுகிறேன். (அரசு ஊழியன் கடல் கடக்கத் தடையின்மைச் சான்று வாங்கிய கதை வேறு, அதை அடுத்த ஆண்டு மலருக்கு வைத்துக்கொள்கிறேன்.)

சிட்னி ஓபரா மாளிகையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். துறைமுகத்து நீரில் பாய் விரித்து நிற்கும் கப்பலைப் போன்ற வெண்ணிறக் கட்டடம். ஓபரா என்பது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேனாட்டு இசை நாடகம். அம்மாளிகையில் இரவுக் காட்சிக்குச் சீட்டு விற்பது போலவே, பகலில் சுற்றிப் பார்க்கவும் சீட்டு விற்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் சுமார் ஒரு மணி நேரம் உள்ளே அழைத்துச் சென்று விளக்குவார். அதனோடு அங்குள்ள உணவகத்தில் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே சீட்டாகவும் கொடுக்கிறார்கள். என் அண்ணன் மகன் வாங்கி வைத்திருந்தது அத்தகைய சீட்டுதான். விலையைச் சொல்லி உங்களை அச்சுறுத்த விரும்பவில்லை.

இசைக்குப் பெயர் பெற்ற இடத்தில் இசை கேட்காமல் ஏன் வர வேண்டும்? காரணம் என் அண்ணன்.

அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக மேடைகளில் நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்தவர். எங்கள் பக்கத்தில் 'பெட்டிக்காரர்' என்றால்தான் தெரியும். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று எத்தனை திருவிழாக்கள்! இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்போதுதான் எழுவார். தலைமாட்டிலேயே கூம்பு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும். அதனால்தான் காது போயிற்று என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதில் காது போய்விட்டது. காதுக்குள் வைக்கும் கருவி, அருகில் நின்று பேசினால் பேச்சைக் கொஞ்சம் பிடித்துத் தரும். இசையையோ சிதைத்துவிடும். பெட்டியின் ஒலியே தகரத்தில் ஆணி இழுப்பது போலக் கேட்கிறது என்று சொல்லி, பெட்டியை உறை போட்டு மூடிவிட்டார். இப்போது சிட்னியில் மகனோடு இருக்கிறார். மூன்றாண்டுகளாக அம்மாளிகை இருக்கும் திசைக்கே அவர் போனதில்லை. "கேக்காத காதை வச்சுக்கிட்டுக் கச்சேரி மண்டபத்துல எனக்கென்னடா வேலை?" என்பாராம்.

வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் காதையும் வயிற்றையும் ஒரே குறளில் வைத்துப் பேசுகிறார். காதுக்கு முதல் பந்தி. வயிற்றுக்கு இரண்டாம் பந்தி. அண்ணனுக்கு முதல் பந்தி முடிந்து இலையும் எடுத்தாயிற்று. "சித்தப்பா, சாப்பாட்டுக்குன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போயிடுவோம், நீங்க கூட இருந்தா வந்துடுவாரு" என்றான் மகன். அப்படியே வந்தார். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவது என்று ஏற்பாடு. இக்கட்டுரையில் உள்ள செய்திகளில் பாதி அந்த நோட்டிலிருந்து எடுத்தவையே.

மாளிகை நிற்கும் நிலமுனைக்குப் பென்னலாங் முனை என்று பெயர். பென்னலாங் என்பவர் அந்நாட்டுப் பழங்குடியினர். ஆங்கிலேயக் கவர்னர் 1790இல் அவருக்கு இங்கே ஒரு செங்கல் குடிசை கட்டிக் கொடுத்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே காடிகல் மக்கள் இம்முனையில் கூடிச் சிப்பியும் மீனும் உண்டு களித்திருக்கிறார்கள். தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. வந்தேறிய ஆங்கிலேயர் அம்மேடுகளை வெட்டி எடுத்து, சுட்டுச் சுண்ணாம்பாக்கி, தங்கள் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். ஒருவர் உண்டு கழித்த ஓட்டில் மற்றவர் சுவர் எழுப்பியிருக்கிறார்! வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இச்செய்தி என்னை உறுத்திற்று. அண்ணனுக்கு எழுதிக் காட்டினேன். "கிளிஞ்சச் சுண்ணாம்பா? நம்ம ஊர்லயும் அதானே" என்று எளிதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

பின்னர் அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1902 முதல் டிராம் வண்டிக் கொட்டகை இருந்தது. அக்கொட்டகையை இடித்த இடத்தில்தான் 1959 மார்ச்சில் ஓபரா மாளிகையின் வேலை தொடங்கிற்று. உலகெங்குமிருந்து வந்த 233 திட்டங்களில் டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சனின் வரைபடம் 1957 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. எழுபது இலட்சம் டாலர் ஆகும், 1963இல் முடியும் என்றார்கள். முடிந்தது 1973இல், ஆன செலவு 10 கோடியே 20 இலட்சம். பெரும்பகுதியைப் பரிசுச் சீட்டு நடத்தியே திரட்டினார்கள். நம் மாநிலத்திலும் 1968 முதல் 2003 வரை அரசுப் பரிசுச் சீட்டு இருந்தது. பரிசு விழாத சீட்டுகளால் ஒரு மாளிகை எழும்பக்கூடும் என்று நமக்குத் தோன்றவில்லை.

அந்தக் கூரையைப் பற்றி அறிவியல் மாணவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வரைபடத்தில் கூரை ஓடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. கணக்குக்கு அடங்கவில்லை; அச்சு வார்க்கவும் வழியில்லை. பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதினார்கள். 1961இல் உட்சன் விடை கண்டார்: எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுப்பது. ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரு கற்பனைக் கோளம். பெரிய ஓடாயினும் சிறிய ஓடாயினும் வளைவு ஒன்றே. ஆகவே ஒரே மாதிரி அச்சில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து அடுக்கலாம். ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோல் துண்டுகளை நிறுத்தி வைத்தால் உங்களுக்கே விளங்கும். மேலே பதித்துள்ள வெண் ஓடுகள் சுவீடனில் செய்யப்பட்டவை, எண்ணிக்கை 10,56,006. வழிகாட்டி எங்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொலைவில் ஒரே வெண்மையாகத் தெரிவது, அருகில் பளபளப்பும் மங்கலுமாக இரண்டு வகை. அண்ணன் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

பெரிய கச்சேரி மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தார். கூட்டம் அடங்கிற்று. இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் வெறுமையாக இருக்க, நாங்கள் இருபது பேர் ஒரு மூலையில் நின்றோம். காது கேளாதவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரியாதல்லவா? அந்த அமைதியில் அண்ணன் உரக்கச் சொன்னார்: "தம்பி, எல்லா வில்லும் ஒரே பக்கம் போகுது பாரு!" முன் வரிசை வயலின்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வழிகாட்டியும் கோபிக்கவில்லை. அண்ணன் கண் கொட்டாமல் வில்களையே பார்த்திருந்தார். வலக்கை விரல்கள் தொடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அது சரியான தாளமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குக் காது உண்டு, ஞானம் இல்லை.

மேடைக்குப் பின்னால் சுவர் முழுதும் பேரிசைக்கருவி ஆர்கன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள், 1979இல் முடிக்கப்பட்டது. "நம்ம பெட்டிக்குப் பாட்டன்" என்றார் அண்ணன், இம்முறை மெல்ல. மேடைக்கு மேலே பூவிதழ் போன்ற வடிவில், கத்தரிப்பூச் சிவப்பில், பெரிய தட்டிகள் தொங்குகின்றன. பழைய நாளில் மேடையில் வாசிப்பவர்களுக்கே ஒருவர் ஒலி மற்றவருக்குச் சரியாகக் கேட்காதாம். மண்டபத்தை 2020இல் மூடித் திருத்தியபோது, ஒலியைத் திருப்பி அனுப்ப இத்தட்டிகளை அமைத்து, 2022 ஜூலையில் திறந்தார்கள். இதை எழுதிக் காட்டியதும் அண்ணன் நோட்டைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தார். "இதாண்டா பெரிய கொடுமை. மிருதங்கம் இந்தப் பக்கம், ஆல்ரவுண்டு அந்தப் பக்கம், நடுவுல நான். காத்து மாறி அடிச்சா அவன் போடுற அடி எனக்கு வராது. கையைப் பார்த்துத்தான் வாசிப்பேன். சனங்களுக்குத் தெரியாது." இந்நாள் வரை அவர் தம் தொழிலைப் பற்றி இவ்வளவு விளக்கமாக என்னிடம் சொன்னதில்லை.

ஓபரா நடப்பது பக்கத்திலுள்ள சிறிய அரங்கில். சுமார் 1,500 இருக்கைகள். பெயர் ஓபரா மாளிகை. ஆனால் பெரிய மண்டபத்தில் ஓபராவுக்கு இடமில்லை! இரண்டுக்கும் பொதுவாகத் திட்டமிட்ட பெரிய மண்டபத்தை, கட்டும்போதே கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் சிறிய அரங்கின் வாத்தியக்காரர்கள் மேடைக்கடியில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. அவர்கள் தலைக்கு மேலே வலை ஒன்று கட்டியிருக்கிறது. ஏன் என்பதற்கு வழிகாட்டி சொன்ன கதை: 1980களில் ஒரு ரஷ்ய ஓபராவில் உயிருள்ள கோழிகளை மேடையில் விட்டார்களாம், அவற்றுள் ஒன்று நடந்து நடந்து விளிம்பு தாண்டி, கீழே செல்லோ வாசித்தவர் மீது விழுந்ததாம். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வள்ளி தினைப்புனம் காக்கும் கட்டத்தில் மெய்யாகவே ஓர் ஆடு மேடையேறித் தழையைத் தின்றதை மகனுக்குச் சொல்லத் தொடங்கினார்.

இனி உட்சன் கதை. செலவு ஏறியது, 1965இல் ஆட்சி மாறியது, புதிய அமைச்சர் கட்டணத்தை நிறுத்தி வைத்தார். 1966 பிப்ரவரியில் உட்சன் பணியிலிருந்து விலகி, சில வாரங்களில் குடும்பத்தோடு நாட்டை விட்டே போனார். உள் மண்டபங்களை முடிக்கும் பொறுப்பு, 34 வயதே ஆன பீட்டர் ஹால் என்ற உள்ளூர்க் கலைஞர் தலையில் விழுந்தது. அவர் 1995இல் காலமானார். முடித்துக் கொடுத்தவர் பெயரை இன்றும் பலர் அறியார். 1973 அக்டோபர் 20இல் எலிசபெத் அரசியார் மாளிகையைத் திறந்து வைத்தபோது உட்சன் அங்கில்லை. பின்னாளில் சமாதானம் ஏற்பட்டது. 2004இல் ஓர் அறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆயினும் அவர் திரும்பி வரவில்லை. தாம் படைத்த மாளிகையை முடிந்த நிலையில் ஒருமுறைகூடக் காணாமலே 2008இல் மறைந்தார்.

எழுதிக் காட்டினேன். அண்ணன் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வேளை சாப்பிடக்கூட வரலையா?"

எங்கள் ஊரில் வீடு கட்டி முடித்தால் கொத்தனாருக்கு வேட்டி துண்டு கொடுத்து, முதல் பந்தியில் இலை போடுவார்கள். அவர் கேட்டது அந்தக் கணக்கில். நான் 'இல்லை' என்று எழுதினேன். இத்தனைக்கும் உட்சன் தம் திட்டத்திலேயே உணவகத்துக்கென்று தனியாக ஒரு சிறிய ஓட்டுக் கூரையை வகுத்து வைத்தவர். மாளிகையின் முன்புறம் ஒதுங்கி நிற்கும் அச்சிறு கூரைக்குக் கீழே இன்று பென்னலாங் பெயரில் உயர்ந்த உணவகம் நடக்கிறது. எங்கள் சீட்டு அதற்கு எட்டாதது. கண்ணாடி வழியே பார்த்ததோடு சரி.

எங்களுக்கு உணவு கீழ்த்தளத்தில், நீரோரமாக. மே மாதம் அங்கே குளிர்காலத்தை நெருங்கும் பருவம்; ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. எதிரே பாலத்தின் விளக்குகள். அண்ணன் மகன் எல்லோருக்கும் பாரமுண்டி என்ற மீன் சொன்னான். தட்டு வந்ததும் அண்ணன் தோலைத் திருப்பிப் பார்த்து, ஒரு விள்ளல் வாயில் போட்டு, "இது கொடுவாடா!" என்றார். உண்மைதான், நம் கடற்கரையில் கொடுவா என்பதும் அதுவும் ஒரே மீன். பெரிய தட்டு, சிறிய மீன், குழம்பு கிடையாது. குறையாகச் சொல்லவில்லை; நம் நாவுக்கு உறைக்கவில்லை.

அப்போது நோட்டில் கடைசியாக ஒரு செய்தி எழுதினேன். 1960 நவம்பரில், கூரைகூட எழும்பாத காலத்தில், அமெரிக்க நீக்ரோ இனப் பாடகர் பால் ராப்சன் இந்த வேலைத்தளத்துக்கு வந்தார். நண்பகல் உணவு வேளை. தொழிலாளர்கள் சாரக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்களுக்காகப் பாடினார். இம்மாளிகையில் நடந்த முதல் கச்சேரி அதுதான் என்பார்கள். மேடை கிடையாது, ஒலித்தட்டி கிடையாது. கேட்டவர்கள் கையில் சாப்பாட்டுப் பொட்டலம். "அது கச்சேரி!" என்றார் அண்ணன்.

ஏழு மணி நெருங்கியது. காட்சிக்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் அவசரமாக எழுந்தார்கள். பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சிறிது நேரத்தில் சுற்றிலும் மேசைகள் காலி. கறுப்பு உடையில், முதுகில் வயலின் பெட்டியோடு ஓர் இளம்பெண் படிகளில் ஓடினாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகனிடம் கேட்டார்:

"வாசிக்கிறவுக சாப்பிட்டாச்சாடா?"

மகன் நோட்டை வாங்கி எழுதினான்: 'உள்ளே அவங்களுக்குன்னு தனிச் சாப்பாட்டுக் கூடம் இருக்குப்பா. பச்சை அறைன்னு பேரு.'

அண்ணன் படித்தார். "அப்பச் சரி" என்று சொல்லி, மிச்சமிருந்த மீனைத் தட்டோடு தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.