மடிக்குப் போடும் ஊசி

அம்மிணி, பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று உன் தோழிகள் சொல்கிறார்களாம். பெற்றவளுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் ஹார்மோன் என்றதுமே மிரளாதே. எந்த ஹார்மோன், யார் உடம்பில் என்ன செய்கிறது என்று கேள்.

நம் பக்கம் பேசப்படுவது ஆக்சிடோசின். கன்று மடியை முட்டும்போது பசுவுக்குத் தானாகச் சுரப்பதும் இதேதான். சற்று நேரத்தில் பால் இறங்கும். மிரண்ட மாடும் கன்றை இழந்த மாடும் பாலை அடக்கிக்கொள்ளும். அப்போதுதான் சிலர் ஊசியை எடுக்கிறார்கள். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன அந்த மருந்து ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடும். பாலில் மிச்சம் இருந்தாலும் நம் குடல் செரித்துவிடும். பூப்படைய வைக்கும் ஹார்மோனும் அதுவல்ல. குழந்தையின் எடை மிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொள். சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு அதோடுதான் தொடர்பு அதிகம். காய்ச்சாத பாலை மட்டும் ஒருபோதும் கொடுக்காதே. காசநோயும் புருசெல்லோசிஸும் அந்த வழியாக வரும்.

அமெரிக்காவில் 1993இல் அனுமதித்தது வேறு ஊசி. கறவையையே கூட்டுகிற வளர்ச்சி ஹார்மோன். 1999இல் கனடா அதை மறுத்தபோது சொன்ன காரணம் குடிப்பவர்களின் உடம்பு அல்ல. மாட்டுக்கு வரும் மடிநோயும், கால் நொண்டுவதும்.

நீயும் அங்கேதான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் டம்ளருக்குள் என்ன வருகிறது என்று கவலைப்படுகிறோம். ஊசி ஏறுவது மாட்டின் கழுத்தில். வேளைக்கு வேளை ஆக்சிடோசின் போட்டால் கருப்பை இறுகி நோகும். நாளாவட்டத்தில் ஊசி இல்லாமல் பாலே இறங்காது. இந்த வதை புதிதுமல்ல. பசுக்களைக் கல்கத்தாவில் வதைத்துக் கறந்த முறையைப் படித்தது, 1912இல் காந்தி பாலைக் கைவிட ஒரு காரணமாயிற்று. மாட்டுக்குக் கேடு செய்யும் ஊசியைப் பாலுக்காகப் போடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. 2018இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் ஆக்சிடோசினைத் தயாரிப்பதையே தடுக்கப் பார்த்தது. டில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தித் தாயைக் காப்பதும் இதே மருந்து அல்லவா! மருந்தின் மேல் பழி போடாதே. அது போகும் இடத்தைப் பார்.

பால்காரரிடம் தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்கிறோம், கன்று இருக்கிறதா என்று கேட்பதில்லை. காளைக்கன்று பிறந்தால் வளர்க்கக் கட்டுப்படியாகாமல் விற்றுவிடுகிறார்கள், ஊசியின் தேவை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் கறக்கும்போது போய் நின்று பார். மடியைக் கழுவி நீவிவிட்டு, கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, தினமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறந்தால் பெரும்பாலான மாடுகள் தாமே பால் விடும். அப்படிக் கறப்பவருக்கு நேரம் அதிகம் பிடிக்கும், பாலும் சற்றுக் குறையும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடு அம்மிணி.