மணலும் மணியும்: சில குறிப்புகள்

தவளக்குப்பம் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பினால் நல்லவாடு கடற்கரை. கடலூர் சாலையிலேயே வடக்கே போய்ச் சுண்ணாம்பாற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம், அதையொட்டி அரிக்கமேடு. கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மேட்டில் கிடைத்த படிக மணி, கண்ணாடி மணி இரண்டுக்கும் அடிப்படை அதே சிலிக்காதான்.

*

1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தார். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. அங்கே கிடைத்த ரோமானிய ஜாடிகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரே ஊரில் கல்மணியும் கண்ணாடிமணியும் செய்தார்கள் என்பது.

*

படிகக்கல்லில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் நான்கு ஆக்சிஜனோடு சகப்பிணைப்பில் நிற்கிறது. ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கன்களுக்குப் பாலம். கல் முழுக்க இந்த ஒழுங்கு அறுபடுவதில்லை. உருக்க ஏறக்குறைய 1700 பாகை செல்சியஸ் வேண்டும். அந்தக்கால உலைக்கு எட்டாத சூடு. மோவின் அளவுகோலில் கடினம் 7. ஆகவே உடைத்து, தேய்த்து, அதைவிடக் கடினமான வைரத்தாலோ குருந்தத்தாலோ ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டியதுதான்.

*

சிலிக்காவோடு சோடாவைச் சேர்த்தால் கதை மாறுகிறது. சில ஆக்சிஜன்கள் பாலமாக இருப்பதை விட்டு ஒரே சிலிக்கனோடு நின்றுவிடுகின்றன. சோடியம் அயனி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வலை தளர்கிறது, உருகும் சூடு பல நூறு பாகை இறங்குகிறது. ஆறும்போது அணுக்கள் ஒழுங்குக்குத் திரும்புவதற்குள் இறுகிவிடுகின்றன. கற்கண்டுக்கும் பாகுமிட்டாய்க்கும் உள்ள அதே வேறுபாடு: சர்க்கரை ஒன்றுதான், அடுக்கு வேறு.

அடுக்கு சீராக இல்லாததால் பிணைப்புகளின் வலுவும் ஒன்றுபோல் இல்லை. எல்லாம் ஒரே சூட்டில் விடுபடாது. அதனால் கண்ணாடிக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி கிடையாது. மெல்ல இளகும், மெல்ல இறுகும். அந்த இடைவெளியில்தான் அதை இழுக்க முடிகிறது. ஆந்திராவில் பாப்பநாயுடுபேட்டை மணிக்காரர்கள் இளகிய கண்ணாடித் திரளுக்குள் இரும்புக்குழாயைச் செருகி, முனையைக் கொக்கியால் பற்றி நீளமான குழலாக இழுப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழலை நறுக்கினால் மணி. துளை தானாக வந்துவிடுகிறது. அரிக்கமேட்டு மணிகளிலும் இப்படி இழுத்த தடம் உண்டு: உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். கல்மணி ஒன்றைத் துளைக்கும் நேரத்தில் கண்ணாடிமணி குவியலாக வரும். கடல் கடந்து பல நாடுகளுக்கு இவ்வளவு மணி போனதற்கு வணிகரின் திறமை மட்டும் காரணமில்லை. அணுக்களின் ஒழுங்கின்மைக்கும் அதில் பங்குண்டு.

*

நிறம். உலையில் காற்று தாராளமாக இருந்தால், கண்ணாடியில் சேர்த்த செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அதற்கு நீலமோ நீலப்பச்சையோ தரும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால், உலோகச் செம்பாகவோ குப்ரஸ் ஆக்சைடாகவோ நுண்துகளாய்ப் பிரிந்து ஒளிபுகாச் செங்கல் சிவப்பைத் தரும். தனிமம் ஒன்றே. எலக்ட்ரான் சூத்திரம் தெரியாமல், சுடரைப் பார்த்தே இதைக் கையாண்டவர்களை எப்படிப் பாராட்டுவது!

சூதுபவளம் என்ற சிவப்புக் கல்மணிக்கு வேறு வழி. மஞ்சள் பழுப்புக் கல்லைச் சுட்டால் அதிலுள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து ஹேமடைட் ஆகும், கல் சிவக்கும்.

*

ஈர மண்ணில் நெடுங்காலம் கிடந்தால் நீர் கண்ணாடியிலுள்ள சோடியத்தை உருவும், மேற்பரப்பு செதிலாகும். தென்னிந்தியக் கண்ணாடிகள் பலவற்றில் அலுமினா மிகுதி. அலுமினியம் சிலிக்கனின் இடத்தில் வலைக்குள்ளேயே அமர்ந்து சோடியத்தைத் தன்னருகே பிடித்துவைப்பதால் அரிப்பு குறைகிறது.

*

பதினோராம் வகுப்பில் வேதிப்பிணைப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அரிக்கமேட்டு மணிகளைக் காட்டுங்கள். மேட்டுக்கும் கூட்டிப்போங்கள், ஆனால் அங்கே கண்ணில் படும் மணியை யாரும் எடுத்துவர வேண்டாம்.