நான் அடித்த வரி

2011 பிப்ரவரி 17 அன்று மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு கூடி, தேவாஸ் என்ற கம்பெனிக்கு செயற்கைக்கோள் அலைக்கற்றையைக் குத்தகைக்கு விட்டு இஸ்ரோவின் ஆன்ட்ரிக்ஸ் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடிவெடுத்தது. அரசு வெளியிட்ட அறிக்கையைத் தமிழில் சுருக்கிச் செய்தியாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. அறிக்கையில் நீண்ட வாக்கியம் ஒன்று இருந்தது. ராணுவம், துணை ராணுவப் படைகள், ரயில்வே, பிற பொதுச் சேவைகள், சமூகத் தேவைகள் ஆகியவற்றுக்கு அலைக்கற்றை வேண்டியிருக்கிறது, ஆகவே எஸ் பேண்ட் அலைவரிசையில் வணிகத்துக்கு இடம் தர இயலாது என்பது அதன் சாரம். ராணுவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்தேன். ரயில்வேயைப் போட்டால் செய்தியின் சூடு ஆறிவிடும் என்று நினைப்பு.

2016 ஜூலையில், ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் ஏற்பாட்டில் அமைந்த தீர்ப்பாயம், நான் அடித்த அந்தப் பகுதியைத்தான் பிரித்து மேய்ந்தது. மொரீஷியஸ் வழியாக தேவாஸில் பணம் போட்டவர்கள், இந்தியா – மொரீஷியஸ் முதலீட்டு உடன்படிக்கையின் பேரில் தொடுத்த வழக்கு அது. நாட்டின் அத்தியாவசியப் பாதுகாப்புக்காக எடுத்த நடவடிக்கை என்றால் உடன்படிக்கையில் அதற்கு விலக்கு உண்டு. ராணுவத் தேவை அதற்குள் வரும், ரயில்வேயும் சமூகத் தேவையும் எப்படி வரும்? அலைக்கற்றையில் 60 சதவீதம் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கிவிட்டு, மீதி 40 சதவீதத்துக்கு இந்தியா இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. தொகை 2020 அக்டோபரில் நிர்ணயமானது. 11 கோடி டாலருக்கு மேல், வட்டி தனி.

நான் அந்த வரியை அடிக்காமல் விட்டிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. ஹேக்கில் தமிழ் வார இதழ் யாரும் வாங்குவதில்லை. நான் ஒப்புக்கொள்ள வேண்டியது வேறு. இந்த விவகாரத்தைப் பல வருடம் எழுதிப் பிழைத்தேன். யார் திருடன் என்று எழுதினேனே ஒழிய, இந்தத் தகராறு எங்கே போய், யார் முன்னால், எந்தக் காகிதத்தை வைத்துத் தீரும் என்று பார்க்கவே இல்லை. தெரியாமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. அதில் சுவாரஸ்யம் இல்லை, அதனால் விட்டேன்.

அன்றைய சூழலைச் சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும், சொல்லாமலும் முடியாது. 2ஜி அலைக்கற்றை வழக்கில் 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற எண் தமிழ்நாட்டு டீக்கடைகளில் மனப்பாடமாகியிருந்த மாதம் அது. அப்போதுதான் இஸ்ரோவில் 2 லட்சம் கோடி இழப்பு என்று செய்தி வந்தது. தணிக்கைத் துறையின் விசாரணையிலிருந்து கசிந்த எண். விசாரணை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்று தணிக்கைத் துறையே விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை, அதாவது நான் கொடுக்கவில்லை. 2010-இல் தரைவழி 3ஜி ஏலத்தில் கிடைத்த விலையைக் கொண்டுவந்து செயற்கைக்கோள் அலைக்கற்றையின் தலையில் கட்டி வந்த கணக்கு அது என்பதையும் எழுதவில்லை. (2ஜி வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.)

ஒப்பந்தத்தில் கோளாறு இல்லை என்று சொல்ல வரவில்லை. கோளாறு நிறையவே இருந்தது. ஆன்ட்ரிக்ஸ், இஸ்ரோவின் வணிக நிறுவனம். தேவாஸ் மல்டிமீடியா, 2004 டிசம்பரில் பதிவான பெங்களூர் கம்பெனி. 2005 ஜனவரி 28 அன்று கையெழுத்து. இஸ்ரோ இரண்டு செயற்கைக்கோள்களைச் செய்து ஏவும், அவற்றின் எஸ் பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களில் 90 சதவீதம் 12 ஆண்டுகளுக்கு தேவாஸுக்குக் குத்தகை. பதிவாகி இரண்டு மாதம்கூட ஆகாத கம்பெனிக்கு 70 மெகாஹெர்ட்ஸ். 2005 டிசம்பரில் முதல் செயற்கைக்கோளுக்கு அமைச்சரவையின் ஒப்புதல் கேட்டபோது, அது ஏற்கெனவே குத்தகைக்குப் போய்விட்டது என்ற தகவல் குறிப்பில் இல்லை. இவ்வளவும் கையில் இருந்தபோது, மோசடி என்று எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

ஆனால் 2011 பிப்ரவரி 25 அன்று ஆன்ட்ரிக்ஸ் தேவாஸுக்கு அனுப்பிய ரத்துக் கடிதம் மோசடியைக் காரணமாகச் சொல்லவில்லை. அரசின் கொள்கை முடிவு எங்கள் கையை மீறியது, ஆகவே ஒப்பந்தத்தைத் தொடர முடியவில்லை என்பதுதான் காரணம். ஏமாற்றினாய், அதனால் ரத்து என்பது ஒரு வழக்கு. எங்களுக்கு வேண்டும், அதனால் ரத்து என்பது வேறு வழக்கு. இரண்டாவதைச் சொன்னால், எங்கள் நஷ்டத்துக்கு என்ன பதில் என்று எதிராளி கேட்பான். ஏன் அந்தக் கடிதத்தில் மோசடி என்று இல்லை என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்டால் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று பேர் வரும். அந்த பயமும் இருந்தது. சிபிஐ வழக்குப் பதிந்தது 2015-இல்தான். மோசடி என்ற வாதம் முழு உருவம் எடுத்தது 2021 ஜனவரியில், கம்பெனியைக் கலைக்கச் சொல்லி ஆன்ட்ரிக்ஸ் மனுப் போட்டபோது. அதற்குள் இந்த விவகாரத்தில் மூன்று நடுவர் தீர்ப்புகள் வந்து முடிந்திருந்தன.

உயர் நீதிமன்ற வளாகத்தில் எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர், 2011 கோடையில் ஒப்பந்தத்தின் நகலைக் கையில் திணித்தார்.

“கடைசிப் பக்கங்களைப் பாத்தீங்களா சார்?”

“பாக்கணும்.”

“இருபதாவது பிரிவு. அதுலதான் சார் இனிமே எல்லாம்.”

பார்த்தேன். தகராறு வந்தால் முதலில் இரு தரப்பின் உயரதிகாரிகளும் உட்கார்ந்து மூன்று வாரத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மூன்று நடுவர்கள். இடம் புது டெல்லி. விதிமுறை சர்வதேச வணிகச் சபையுடையது அல்லது ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்துடையது. அந்த ‘அல்லது’வில் மட்டும் இரண்டு வருடம் போனது. தேவாஸ் ஒரு விதிமுறையின் கீழ் போக, ஆன்ட்ரிக்ஸ் இன்னொன்றின் கீழ் தன் நடுவரை நியமிக்க, எது செல்லும் என்பதற்கே 2013 மே மாதம் வரை உச்ச நீதிமன்றத்தில் இழுத்தது. நகலை இழுப்பறையில் போட்டேன். வாசகர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சோம்பேறித்தனத்துக்கு வாசகரைப் பொறுப்பாக்குவது அன்றும் இன்றும் எனக்கு வசதியான பழக்கம்.

விண்வெளிச் சட்டம் பற்றி நான் எழுதியதே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். காஸ்மாஸ் 954 பற்றி ரசித்து ரசித்து எழுதியிருக்கிறேன். அணு உலையோடு பறந்த சோவியத் உளவுக் கோள் 1978 ஜனவரியில் கனடாவின் வடமேற்குப் பனிக்காட்டில் சிதறி விழுந்தது. கனடா 60 லட்சம் டாலர் கேட்டது, 1981-இல் 30 லட்சம் கனடிய டாலருக்குச் சமரசம் ஆனது. எழுத லட்டு மாதிரி விஷயம். ஆனால் அதில் கனடா நம்பிய 1972-ஆம் வருடத்து உடன்படிக்கை, மேலே இருந்து ஏதாவது விழுந்தோ மோதியோ சேதமானால் ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேட்பதற்கானது. தேவாஸில் எதுவும் விழவில்லை. ஏவப்படாத செயற்கைக்கோள், கொடுக்கப்படாத அலைக்கற்றை, அரசு அல்லாத ஒரு கம்பெனி. இந்த மாதிரித் தகராறுக்கு அந்த உடன்படிக்கையில் ஒரு வரியும் கிடையாது. விண்வெளித் தகராறுகளுக்கென்றே தனி நடுவர் விதிகளை, கம்பெனிகளும் பயன்படுத்தும்படி, ஹேக்கின் அதே நடுவர் நீதிமன்றம் 2011 டிசம்பரில் வெளியிட்டது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் செல்லும். எனக்கு அது செய்தியாகவே தெரியவில்லை.

2015 ஆகஸ்ட் 27 அன்று ஜிசாட்–6 மேலே போனது. ஆறு மீட்டர் விட்டத்தில் குடைபோல விரியும் அதன் ஆன்டெனாவைப் பற்றி உருகி எழுதினேன். இதுதான் தேவாஸுக்காகத் திட்டமிட்ட கோள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மூன்றாவது வாரத்தில், செப்டம்பர் 14 அன்று, சர்வதேச வணிகச் சபையின் நடுவர்கள் தேவாஸுக்கு 56.25 கோடி டாலர் தரச் சொன்னார்கள். ‘வெளிநாட்டு நடுவர்கள் இந்தியாவுக்கு எதிராக’ என்று எழுதினேன். மூவரில் ஒருவர் இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த். அது எனக்குத் தெரியும். பேரைப் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும் என்றும் தெரியும். என் குற்றங்களில் இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். மற்றவை சோம்பல், இது மறைப்பு.

பிறகு தேவாஸில் பணம் போட்டிருந்த ஜெர்மன் தொலைபேசிக் கம்பெனி தன் நாட்டு உடன்படிக்கையின் பேரில் தனியாகப் போய் 9.33 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. ஒரே குத்தகை, மூன்று தீர்ப்பாயங்கள்.

2022 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், தேவாஸ் மோசடி நோக்கத்தோடு தொடங்கப்பட்ட கம்பெனி, அதைக் கலைத்தது சரி என்றது. ஒப்பந்தம் போட்டபோது அவர்கள் சொன்ன தொழில்நுட்பமே கையில் இல்லை என்று தீர்ப்பில் விரிவாக இருந்தது. அந்த ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 56.25 கோடித் தீர்ப்பையும் ரத்து செய்தது. நடுவர் மன்றத்தின் இடம் டெல்லி என்று இருபதாவது பிரிவு சொன்னதால்தான் அந்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம். நான் எழுதிய தலைப்பில் ‘வென்றோம்’ இருந்தது. பதினோரு வருடம் முன்னால் சொன்னது பலித்துவிட்டது என்ற மிதப்பு வேறு.

இந்தியாவுக்குள் அது வெற்றிதான். வெளியே கதை ஓடிக்கொண்டிருந்தது. 2021 இறுதியில் கனடாவின் கியூபெக்கில், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்திடம் இருந்த ஏர் இந்தியாவின் பணத்தையும் நம் விமான நிலைய ஆணையத்தின் பணத்தையும் முதலீட்டாளர்கள் முடக்கச் செய்தார்கள். பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான ஒரு வீட்டின் மேல் கை வைத்தார்கள். விண்வெளித் தகராறு கடைசியில் விமான டிக்கெட் வசூலுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் வந்து நிற்கும் என்பதை நான் வாசகருக்கு ஒருபோதும் தயார்ப்படுத்தவில்லை. கனடா செய்தி வந்தபோது ‘இது என்ன அநியாயம்’ என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அந்த வாசகர்களை அப்படித் திகைக்க வைத்ததில் என் பங்கு கணிசமானது.

அமெரிக்காவில் சியாட்டில் நீதிமன்றம் 2020-இல் அந்த 56.25 கோடித் தீர்ப்பை வட்டியோடு 129 கோடி டாலர் என்று உறுதி செய்ததை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்திருந்தது. ஆன்ட்ரிக்ஸுக்கு அமெரிக்காவோடு போதிய தொடர்பு இல்லை என்பது காரணம். 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருப்பியது. ‘இந்தியா 129 கோடி டாலர் தர வேண்டும்: அமெரிக்க உச்ச நீதிமன்றம்’ என்று தலைப்பு போட்டு அனுப்பினேன். சேர்ந்து சில மாதங்களே ஆன உதவி ஆசிரியை என் மேசைக்கு வந்தார். “சார், தரணும்னு தீர்ப்புல எங்க இருக்கு?”

தீர்ப்பைத் திறந்தேன். அயல்நாட்டு அரசு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுப்பதற்கான அமெரிக்கச் சட்டம் அப்படியொரு தொடர்பைக் கேட்கவில்லை, மற்ற கேள்விகளைக் கீழ் நீதிமன்றமே பார்க்கட்டும் என்பதோடு தீர்ப்பு நின்றுவிட்டது. பணம் தரச் சொல்லும் உத்தரவு அதில் எங்கும் இல்லை. தலைப்பை அவரே மாற்றினார்.