பூட்டியாவுக்கு ஒரே ஓட்டு

அன்பு மச்சானுக்கு,

உங்க வாப்பா அஸர் தொழுதுட்டு நேரா கடற்கரைத் தெரு மைதானத்துக்கு வந்துடுறாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாஸ் கொடுக்கத் தெரியலையாம், ஒரே திட்டு.

நம்ம ஊர் ஃபுட்பால் போட்டிக் கமிட்டிக்கு யார் தலைவர்னு ஊரே ரெண்டு பட்டுக் கிடக்கு. நல்லா ஆடினவனைத்தான் வைக்கணும்னு காக்காமார் ஒரு பக்கம். டீக்கடையில நான் இந்திய டீம் கேப்டனா இருந்த பூட்டியாவோட கதையை எடுத்தேன், ஒருத்தரும் நம்பலை. நீயாவது கேளு.

2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தலைவர் பிரஃபுல் படேலை இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன்லேர்ந்து இறக்கிட்டு ஒரு நிர்வாகக் கமிட்டியைப் போட்டுச்சுல்ல? புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலச் சங்கங்களோட சேர்த்து 36 முன்னாள் ஆட்டக்காரங்களுக்கும் ஓட்டு கொடுக்கலாம்னு யோசனை ஓடுச்சு. வெளியாள் தலையீடுன்னு ஃபிஃபா ஆகஸ்ட்ல இந்தியாவையே தடை பண்ணிடுச்சு. ஆட்டக்காரங்க ஓட்டும் போச்சு, அப்புறம் தடையும் போச்சு. செப்டம்பர் 2, தலைவர் தேர்தல் பெட்டியைத் திறந்தா கல்யாண் சௌபேக்கு 33, பூட்டியாவுக்கு 1! ஒண்ணே ஒண்ணுடா!

சௌபேயும் ஆடினவர்தான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரெண்டுக்கும் கோல் காத்தவர், அந்த நாற்காலியில உட்கார்ந்த முதல் ஆட்டக்காரரே அவர்தான். ஆனா 2019-ல கிருஷ்ணாநகர்ல மஹுவா மொய்த்ராகிட்ட எம்.பி. தேர்தல்ல தோத்தவரு. ஜனங்க போடாத ஓட்டைச் சங்கங்க அள்ளிப் போட்டுச்சு பாரு.

பூட்டியாவோட ஜோடி போட்டு ஆடின ஐ.எம்.விஜயன் மட்டும் ஓட்டே கேட்காம உள்ளே போயிட்டாரு. நம்ம 'திமிரு' பட வில்லன்! திருச்சூர் ஸ்டேடியத்துல சோடா வித்த பையன், 1999-ல பூட்டானுக்கு எதிரா 12-ஆவது செகண்ட்ல கோல் போட்டவரு. அவரைக் கூப்பிட்டு டெக்னிக்கல் கமிட்டித் தலைவராக்கிட்டாங்க. எனக்கு அவர்னா உசுரு. ஆனாலும் சொல்றேன், அந்தக் கமிட்டி சிபாரிசு மட்டும்தான் பண்ணும், முடிவு எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி கையில.

2025-ல இந்திய டீமுக்குக் கோச் தேடினப்போ நடந்த கூத்து தெரியுமா? ஸ்பெயின் ஆட்டக்காரர் சாவி பேர்லேயே விண்ணப்பம் வந்துச்சு. பேப்பர்லயெல்லாம் போட்டு, கடைசியில அது போலி! விஜயன் கமிட்டி மூணு பேரைச் சொல்ல, மேலே காலித் ஜமீலைப் பிடிச்சாங்க. பதிமூணு வருஷத்துக்கு அப்புறம் ஒரு இந்தியக் கோச். அவர் பிறந்தது எங்கேங்கிற? நீ இருக்கிற குவைத்துலதான். அங்கே நம்ம ஆளுங்க யாருக்காவது அவர் குடும்பத்தைத் தெரியுமான்னு விசாரிச்சு எழுது, டீக்கடையில எனக்குக் கொஞ்சம் மதிப்பு கூடும்.