இரும்புச் சாவியும் ஆட்டின் மூளையும்

எங்கள் பழைய வீட்டின் நிலைக்கதவுக்கு அருகில், எந்தப் பூட்டுக்கும் உரியதல்லாத ஓர் இரும்புச் சாவி பல ஆண்டுகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்கு வலிப்பு வரும்போது அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்துவதற்காக அதை மாட்டி வைத்திருந்தார்கள். அக்காவும் அண்ணனுமாகிய நாங்கள் இருவரும் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு எத்தனை முறை ஓடியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. சாவி வைத்தபின் வலிப்பு நிற்கும். ஆகவே சாவிதான் நிறுத்தியது என்று நம்பினோம். வைக்காவிட்டாலும் ஓரிரு நிமிடங்களில் அது தானே நின்றிருக்கும் என்று சோதித்துப் பார்க்கும் துணிவு எங்கள் வீட்டில் எவருக்கும் இருக்கவில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது புதிதாக ஒரு பழக்கம் வந்தது. பேசிக்கொண்டிருப்பவன் திடீரென எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கிணற்றடிக்குப் பின்னால் போய்விடுவான். தேடிச் சென்றால் துண்டால் தலையை மூடியபடி கிடப்பான். ஏதோ ஒன்று அவனை அழைக்கிறது என்றார்கள் பெரியவர்கள். நாங்களும் அதை நம்பினோம். அவனருகே படுத்துறங்க அஞ்சிய இரவுகளும் உண்டு. இதை எழுத இன்று கூசுகிறது.

சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் சேர்ந்து தொடக்ககாலக் கிரேக்கச் சிந்தனையாளர்களை வாசிக்கத் தொடங்கினோம். தம்பியை நினைத்து அல்ல. அறிவியலின் வேர் எங்கே என்று அறியும் ஆவலில்தான். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேலீஸிடமிருந்து அந்தக் கதை தொடங்குவது வழக்கம். அனைத்துக்கும் மூலம் நீர் என்றவர் அவர். நிலநடுக்கம் பொஸைடன் என்னும் கடவுளின் சினம் என்று நம்பிய மக்களிடையே, பூமி நீரில் மிதக்கிறது, அதனால் ஆடுகிறது என்று அவர் சொன்னதாகச் செனெக்கா குறிப்பிடுகிறார். விடை பிழைதான். ஆனால் அது சினம் தணிக்கும் சடங்கைக் கோராத விடை, மறுக்கக்கூடிய விடை. மறுக்கவும் செய்தார்கள். அதே ஊரைச் சேர்ந்த அனாக்ஸிமாண்டர், பூமி எதன்மீதும் தங்கவில்லை, எல்லாத் திசைகளிலும் சம தொலைவில் இருப்பதால் நிலைத்திருக்கிறது என்றார். அவருக்குப் பின் வந்த அனாக்ஸிமெனிஸ் இருவரையும் விட்டு விலகி, மூலம் காற்று என்றார். முன்னோரை மதித்துக்கொண்டே மறுக்கும் இந்தப் பழக்கமே அவர்கள் கண்டடைந்தவற்றுள் பெரியது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அனாக்ஸிமெனிஸ் மனிதனுக்குள்ளும் காற்றைக் கண்டார். நம்மை ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும் ஆன்மாவும் காற்றே என்பது அவர் கருத்து. கிரேக்கர்கள் அதற்கு வழங்கிய சொல் 'ப்ஸூகே'. மூச்சு என்னும் பொருளோடு தொடர்புடையது. உளவியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அதிலிருந்து பிறந்தவை. நம் 'ஆவி'யும் மூச்சு, நீராவி, உயிர் என மூன்றையும் சுட்டுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பின்னர் எஃபெசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ், ஆன்மாவின் எல்லையை எவ்வழியில் நடந்தும் கண்டுவிட முடியாத அளவுக்கு அதன் ஆழம் இருப்பதாகக் கருதினார். தென்னித்தாலியின் குரோட்டோனில் வாழ்ந்த அல்க்மேயோன், கண்ணும் காதும் மூளையோடு இணைந்திருப்பதாகவும், உணர்வது மூளையே எனவும் கூறினார். சிந்தனை இதயத்தைச் சூழ்ந்த குருதியில் இருக்கிறது என்றார் எம்பெடோக்ளிஸ். மனம் எங்கே இருக்கிறது என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இவ்வாறு வாசித்து வரும்போதுதான் ஹிப்போக்ரடீஸ் பெயரால் வழங்கும் ஏறத்தாழ 60 நூல்களில் ஒன்றான 'புனித நோயைப் பற்றி' எங்கள் கைக்கு வந்தது. ஏறத்தாழ கி.மு. 400ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஆசிரியர் இன்னார் என்று உறுதியில்லை. புனித நோய் என்று அன்று அழைக்கப்பட்டது வலிப்புநோய். நோயாளி ஆடுபோல் கத்தினால் ஒரு தெய்வம், குதிரைபோல் குரலெழுப்பினால் இன்னொரு தெய்வம் என்று பிரித்துவைத்திருந்த மந்திரவாதிகளை அவர் சாடுகிறார். தங்கள் அறியாமையை மறைக்கவே அவர்கள் தெய்வத்தைத் திரையாக்கினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆட்டுத்தோலில் படுக்கக்கூடாது என்ற விலக்கை எடுத்துக்கொண்டு, அப்படியானால் ஆட்டுத்தோலிலேயே வாழும் லிபிய மக்கள் அனைவருக்கும் இந்நோய் வந்திருக்க வேண்டுமே என்று கேட்கிறார். இந்நோய் ஆடுகளுக்கும் வருவதைச் சுட்டி, அந்த ஆட்டின் தலையைத் திறந்து பாருங்கள், மூளை நீர் கோத்துக் கிடப்பது தெரியும் என்கிறார். எங்கள் சாவியை இப்படி ஒருவர் ஒருநாளேனும் கேள்வி கேட்டிருக்கலாம்.

அவர் நாத்திகர் அல்லர். எல்லா நோய்களும் தெய்வத்தன்மை உடையவை, எல்லாமே மனிதத்தன்மையும் உடையவை, இதை மட்டும் தனியே பிரிக்க வேண்டியதில்லை என்பதே அவர் நிலை. அவருடைய விளக்கமும் சரியல்ல. மூளையிலிருந்து இறங்கும் கபம் நாளங்களில் காற்றை அடைப்பதே காரணம் என்றார். அவருக்குப் பின் வந்த பேரறிஞர் அரிஸ்டாட்டில், உணர்வின் இருப்பிடம் இதயம் என்றும் மூளை உடலைக் குளிர்விப்பது என்றும் கருதி, மூளையின் வழக்கைப் பின்னுக்குத் தள்ளினார். ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தது 1924இல்தான். தம்பியின் தலையில் கம்பிகளைப் பொருத்தி எடுத்த இஇஜி வரைபடம் அந்த வழியில் வந்தது. அதன்பின் மாத்திரைகள் வந்தன; சாவி ஆணியோடு துருவேறியது.

ஆனால் எங்களை நிறுத்திய பகுதி வேறு. நோய்க்குப் பழகியவர்கள் அது வரப்போவதை முன்னரே உணர்ந்து, மனிதர் கண்ணில் படாத இடத்துக்கு ஓடித் தலையை மூடிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார் அவர். பலர் நினைப்பதுபோல் அது தெய்வத்துக்கு அஞ்சி அல்ல, வெட்கத்தால் என்கிறார். சிறு குழந்தைகளோ பயந்து தாயிடம் ஓடுகின்றன, அவற்றுக்கு இன்னும் வெட்கம் தெரியாது என்றும் சேர்க்கிறார். படித்துக்கொண்டிருந்த குரல் அங்கே நின்றுவிட்டது. கிணற்றடியும் துண்டும் ஒருங்கே கண்முன் வந்தன. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கண்டதை, ஒரே கூரையின் கீழ் இருந்த நாங்கள் காணவில்லை.

அன்றிரவு தம்பியைத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பகுதியைத் தமிழில் விளக்கிச் சொன்னோம். இப்போது அவனுக்கு நாற்பதைக் கடந்துவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"அவர் யாரையோ உக்கார வெச்சுக் கேட்டிருக்கார் அக்கா," என்றான். "பார்த்து மட்டும் இது தெரியாது."

பிறகு, கோபம் ஏதுமின்றி, "நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே," என்றான்.

எங்களிடம் விடை இல்லை. அறிவியலின் வேரைத் தேடிப் போனவர்கள் நாங்கள். அது எவ்வளவு எளிய கேள்வியில் இருந்தது என்பதை அவன்தான் சொன்னான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகிறோம். பன்னிரண்டு வயதில் கிணற்றடியில் என்ன உணர்ந்தான் என்று கேட்பதாக இருக்கிறோம். சொல்ல அவனுக்கு மனமிருந்தால்.