வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பாலு மகேந்திராவின் சிறந்த படம் எது என்று மட்டக்களப்பில் கமெரா பிடிக்கும் பொடியன்களிடம் கேட்டால் விடியும்வரை பேச்சு ஓயாது. ஒருவன் 'மூன்றாம் பிறை' என்பான், இன்னொருவன் 'வீடு' என்பான், மூன்றாமவன் 'சதிலீலாவதி'யை விட்டுக்கொடுக்க மாட்டான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டு இடையிடையே குறும்படமும் எடுக்கிற எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியம்: இத்தனை விதமான படங்களிலும் அவர் மாற்றாமல் வைத்திருந்தது எது?

பாலு மகேந்திரா 1939இல் மட்டக்களப்பின் வாவிக்கரை ஊரான அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில், டேவிட் லீன் இலங்கையில் நடத்திய 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்ததில் சினிமா ஆசை பிடித்துக்கொண்டது. பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். இயக்குநராக, 'அழியாத கோலங்க'ளில் (1979) பதின்வயதுப் பையன்களையும் 'மூடுபனி'யில் (1980) ஒரு கொலைகாரனையும் 'சந்தியா ராக'த்தில் முதுமையையும் எடுத்தார். மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', கே. விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' இரண்டிலும் ஒளிப்பதிவு மட்டும். கதை எந்தத் திசையில் போனாலும், முகத்தில் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் படத்தில் பதில் இருக்கும். ஜன்னலோ, வாசலோ, மேகமோ, அது தெரிந்துவிடும். மணி என்ன என்றுகூடச் சொல்லிவிடலாம்.

'வீடு' (1988) படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், கட்டி முடியாத வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் இடத்தைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். கதவும் ஜன்னலும் பொருத்தாத வீட்டில் திறப்புகள்தான் விளக்கு. கிழவர் நகர நகர முகம் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மாறுகிறது. அதை நிரவிச் சமப்படுத்த பாலு மகேந்திரா முயலவில்லை. என் கைக்கு வந்த பாடம் இதுதான்: முகத்துக்கு வெளிச்ச அளவு வைத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும், ஜன்னலுக்கு வைத்தால் முகம் கறுக்கும். இரண்டையும் காப்பாற்ற லைட்டை ஏற்றினால் அறை அறையாக இராது, ஸ்டூடியோ ஆகிவிடும். எதை இழப்பது என்று முடிவெடுப்பதுதான் ஒளிப்பதிவு.

'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி ஊட்டிப் பக்கம் கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. மழை அவர் திட்டத்தில் இல்லை. பெய்தது, அதோடு சேர்த்தே எடுத்தார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது கிடைத்தது. பாலு மகேந்திராவைப் போலவே பல வகைப் படங்களுக்கும் பேர்போன இன்னொரு இயக்குநர் அவுஸ்திரேலியர் பீட்டர் வியர். அவருடைய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' (1975) படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரசல் பாய்ட் லென்சின் மேல் மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியைப் போட்டு வெயிலைக் குழைத்தார். அங்கும் மூலப்பொருள் இருக்கிற வெயில்தான்.

எங்கள் ஊர் வீடுகளில், இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதற்குப் பாதி வேலை முடிந்தே கிடக்கிறது. பத்து மணி வெயில் முற்றத்து வெள்ளை மணலில் பட்டு விறாந்தைக்குள் எழும்பும். அங்கே ஆளை இருத்தினால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழாது. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரெஜிபோம் பலகைகூட வேண்டியதில்லை. ஆனாலும், "லைட்டப் போடல்லயா மனே?" என்று வீட்டுக்கார அம்மா கேட்கத்தான் செய்வார். காசு வாங்குகிறவன் லைட் போட வேண்டும் என்பது அவர் கணக்கு.

சினிமாக்காரனைப் போல மேகத்துக்காகக் காத்திருக்க எனக்கு வழியில்லை, முகூர்த்தம் நிற்காது. ஆனால் மணவறை வழக்கப்படி கிழக்கே பார்த்திருப்பதால் காலை வெளிச்சம் முகத்துக்கு நேரே வரும். அதைக் கெடுப்பது பந்தல் துணிதான். நீலத் துணி கட்டினால் பெண்ணின் கன்னம் நீலமாகும், சிவப்பைக் கட்டினால் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது போலிருக்கும். கணினியில் உட்கார்ந்து திருத்தினால் பட்டுச் சேலையின் நிறம் போய்விடும். ஆகவே முதல்நாளே போய், மணவறைக்கு மேலே மட்டும் வெள்ளைத் துணி கட்டச் சொல்லிக் கெஞ்சுகிறேன். கேட்கிறவர்கள் வீட்டில் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் சொன்ன 'சிறந்த படம் எது' என்ற பேச்சில் என் வாக்கு 'வீடு'க்குத்தான். நானும் நாளைக்கே எடுத்துப் பார்க்கக்கூடிய வெளிச்சம் அதில்தான் அதிகம்.