மஞ்சப்பையில் மாத்திரைகள்

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூர் இன்று திறந்தாயிற்று. கல்லணைக்குத் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள் ஆகும். பம்ப்செட்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, குறுவை நடவு போன வாரமே தொடங்கிவிட்டது. நடவு தொடங்கினால் மெடிக்கல் கடைகளில் வலி மாத்திரைக்கும் சீசன்.

அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஊரில் பலரும் மாத்திரையைக் காட்ட என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். இன்று வந்தது கீழத்தெரு பெரியம்மா. எழுபதைத் தாண்டியும் நடவுக்குப் போகிறார். கையில் காகிதப் பொட்டலம், அதில் பெயர் ஒன்றும் இல்லை. "அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை மட்டும் இல்லேன்னா குனியவே முடியல தம்பி" என்றார். அட்டை இல்லாததால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் டெக்ஸாமெத்தசோன் மாதிரிதான் தெரிகிறது. வருஷக்கணக்காக அதே பொட்டலம். முகம் உப்பியிருக்கிறது, ஊரில் அதை "நல்லா தேறிட்டாங்க" என்கிறார்கள். லேசாக இடித்துக்கொண்டாலும் கை கன்றிப்போகிறது. போன வருஷம் சுகர் வேறு வந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் "நாளையிலேர்ந்து நிறுத்திடுறேன்" என்றார். எனக்குப் பயம் அங்கேதான். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே வினையாகும். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணையிலும் திறந்துவிட்டார்கள். மேலத்தெரு அத்தாச்சியைப் பார்க்கப் போனேன். மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் கட்டில் பாதி நிறைந்தது.

அட்டைகளைத் தேதி பார்த்து அடுக்க அடுக்கக் கதை புரிந்தது. முதலில் தலைசுற்றல். அதற்கு ஒரு டாக்டர் சின்னரிசின் எழுதினார். சில வாரத்துக்கு எழுதிய மாத்திரைதான், ஆனால் சீட்டு பழசானாலும் கடைக்காரர் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒன்றிரண்டு வருஷத்தில் கை நடுங்க ஆரம்பித்தது, நடை தளர்ந்தது. திருப்பூரில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது வேறொரு டாக்டரிடம் காட்டினார். அவர் நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எழுதினார். அதைச் சாப்பிட்ட பிறகு வாய் உலர்ந்தது, மலம் கட்டியது, ராத்திரியில் சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்று பேச்சு. மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, பிதற்றலுக்கு ஒரு தூக்க மாத்திரை. இப்போது "அம்மாவுக்கு மறதி நோய்" என்று மருமகள் சொல்கிறாள்.

சின்னரிசின், மூளையில் டோப்பமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு நாள்பட்டால் பார்க்கின்சன் நோய் போலவே நடுக்கம் வரும். நிறுத்தினால் பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ குறையும், எல்லோருக்கும் அல்ல. மருந்தின் விளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கும் மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி ரோச்சன், கர்விட்ஸ் என்ற இருவர் 1997-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். அத்தாச்சிக்கு எழுதிய டாக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் அத்தாச்சியும் "தலைசுத்து மாத்திரை எல்லாரும் சாப்புடறதுதானே" என்று அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஜூன் 18, புதன்

இன்னொரு வீட்டில் இதே கதை, சின்ன அளவில். பிரஷருக்கு அம்லோடிபின், அதனால் கால் வீக்கம். வீக்கத்துக்கு லாசிக்ஸ், அதனால் ராத்திரியில் நாலு தடவை கொல்லைப்பக்கம். போன மாதம் இருட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட இடத்தில் கூடுதலாக ஒரு வலி மாத்திரை.

ஜூன் 21, சனி

வாத்தியார் சித்தப்பா வந்தார். சித்தி போன பிறகு தூக்கம் இல்லை என்று ஆரம்பித்த டயசிபாம், இன்னும் நிற்கவில்லை. காலையில் தள்ளாட்டம். "வயசாயிட்டுது, வேற என்ன" என்கிறார். வயதும் காரணம்தான், ஆனால் அவர் நினைக்கும் வழியில் அல்ல. வயதான உடம்பில் கொழுப்பின் பங்கு கூடும், டயசிபாம் கொழுப்பில் போய்த் தங்கும் மருந்து. நேற்றைய மாத்திரை தீருவதற்குள் இன்றையது போய்ச் சேர்கிறது.

வயதானவர்களுக்கு ஆகாத மருந்துகளைப் பட்டியலாக முதலில் போட்டவர் அமெரிக்க டாக்டர் மார்க் பியர்ஸ், 1991-ல். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் அவை. 2023 வரை திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம் டெல்டாவுக்கு அந்தப் பட்டியல் போதாது என்பது என் எண்ணம். அங்கே அட்டை உண்டு, சீட்டு உண்டு. இங்கே பெயரில்லாப் பொட்டலத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2014-லிருந்து டயசிபாம், அல்ப்ரசோலாம் எல்லாம் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டைப் பார்த்து, எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சித்தப்பாவுக்குக் கொடுக்கும் பையன் அவருடைய பழைய மாணவன். வாத்தியாரிடம் போய் அவன் சீட்டா கேட்பான்!

கனடாவில் கியூபெக்கில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. இந்த வகைத் தூக்க மாத்திரையை நாள்பட உண்ட முதியவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் அனுப்பினார்கள். இந்த மாத்திரை என்ன செய்யும், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதெல்லாம் அதில். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 27 பேர் விட்டுவிட்டார்கள், புத்தகம் கிடைக்காதவர்களில் 5 பேர்தான். தமிழில் அப்படி நாலு பக்கம் எழுதிப் பார்க்கலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "பிழை திருத்தித் தரேன்" என்றார். நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

அமாவாசை. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் கூட்டம். அக்ரகாரத்து மாமா காலையில் வழக்கப்படி சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தர்ப்பணம் முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பேத்தியைப் பார்த்து "யாருடி நீ" என்று கேட்டிருக்கிறார். பக்கவாதம் என்று பயந்து என்னைக் கூப்பிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்தார். அவர் போட்டது பழைய கிளிபென்கிளமைடு. சிறுநீரகம் சோர்ந்தவர்களின் உடம்பில் நெடுநேரம் நிற்கும், மறுபடி இறக்கிவிடும். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "தெளிஞ்சுட்டாரே, எதுக்கு?" என்று மாமிக்கு என் மேல் வருத்தம்.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டதாம்.

அத்தாச்சியை வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் காட்டினோம். மஞ்சப்பையை அப்படியே மேசையில் வைக்கச் சொல்லியிருந்தேன். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார். சின்னரிசின் உடனே நின்றது. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைச் சிறிது சிறிதாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்தார், தூக்க மாத்திரையை அப்புறம் பார்க்கலாம் என்றார். மகனுக்குத் திருப்தியில்லை. "இவ்ளோ தூரம் வந்து ஒரு மருந்தும் எழுதலையே மாமா!"

அத்தாச்சி ஒருவரோடு இது முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2021 கணிப்புப்படி நூற்றுக்கு 13 பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் வந்தது. கீழத்தெருவிலிருந்து கிண்டிக்கு யார் போவார்கள்? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் பெண்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிறவள். பையில் வேறு என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க அவளுக்கு வாய்ப்பு உண்டு. இந்த முறை வரும்போது, சின்னரிசின், டயசிபாம், கிளிபென்கிளமைடு, பெயரில்லாப் பொட்டலம் என்று நாலே வரி எழுதிக் கொடுத்து, கண்ணில் பட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லச் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவின் மகன் இன்னும் வரவில்லை. நடவு முடியட்டும் என்கிறானாம்.